எதைப் படிப்பது, எதை எழுதுவது



‘கீழ்க்காணும் வினாக்களுள் ஏதேனும் ஐந்தனுக்கு விடை தருக.’ இவ்வரியைப் படித்திராதவர் நேயர்களுள் எவரும் இரார். இன்ன பாடத்தைப் படி, இன்ன செய்யுளை ஒப்பி, இன்ன தலைப்பில் இருபது வரி எழுது என்று ஆண்டு முழுவதும் ஆணையிடும் பள்ளிக்கூடம், கடைசி நாளில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் மூன்று மணி நேரத்தில், ‘உனக்கு வேண்டியதை நீயே தெரிந்துகொள்’ என்று மாணாக்கனுக்கு உரிமை வழங்குகிறது. தெரிந்தெடுத்துப் பழகாதவன் அப்பொழுது என்ன செய்வான்? எளியதை எடுத்துக்கொள்வான். அதில் அவன்மேல் குற்றமில்லை.

தமிழில் ‘தேர்வு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் ஒன்று; பரீட்சை மற்றொன்று. நம் கல்விக்கூடங்களில் பின்னது முன்னதை விழுங்கிவிட்டது. சொற்களோடு உழல்வதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் அடிக்கடி கண்ணில் உறுத்துகிறது. நாம் மொழிபெயர்ப்பவை நாம் தெரிந்தெடுத்த நூல்கள் அல்ல. மேசைக்கு வரும் சுற்றறிக்கைகளும் ஒப்பந்தப் படிவங்களுமே. அவற்றை ஒழுங்காகவே செய்கிறோம். ஆனால் சென்ற மாதம் மொழிபெயர்த்த சுற்றறிக்கையில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிப்போம். பதின்மூன்று வயதில் நாமாக எடுத்துப் படித்த கதையைக் கேட்டால் இன்றும் தடையின்றிச் சொல்வோம்.

நாம் வாழும் கேரளத்தில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுவோம். 2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், கொரோனா நோய்த் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாக வகுப்புகள் தொடங்கின. அவ்வாறே ஏறத்தாழ ஓர் ஆண்டு கழிந்தபின் 2021-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு நடைபெற்றது. பாடங்களுள் முக்கியமானவை எவை என முன்னரே அறிவித்தார்கள். வினாத்தாள்களில் வேண்டிய அளவுக்கு மேற்பட்ட வினாக்களைக் கொடுத்து, விரும்பியவற்றுக்கு விடை எழுதலாம் என்றார்கள். எல்லாப் பாடங்களிலும் மிக உயர்ந்த தரம் பெற்றவர்கள் 2020-இல் 41,906 பேர். 2021-இல் 1,21,318 பேர். வினாத்தாள் பழைய முறையை நோக்கித் திரும்பிய 2022-இல் 44,363 பேர்.

நோய்க்காலத்தில் பிள்ளைகளின் இன்னலைக் கருதிச் செய்த ஏற்பாடு அது. அதைக் குறைகூறுவோர் அவ்வாண்டு தம் வீட்டுப் பிள்ளை கைப்பேசித் திரையை வெறித்துக்கொண்டிருந்ததை மறந்தவர்கள். ஆயினும் இவ்வெண்கள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. வினாத்தாளில் தரும் உரிமை மதிப்பெண்ணைக் கூட்டும். படிப்பைக் கூட்டுமா என்பதை அவ்வெண்களைக் கொண்டு சொல்ல இயலாது. நாம் இன்று பேச விரும்புவது வினாத்தாளைப் பற்றி அன்று. ஆண்டின் நடுவே, வகுப்பறையில், எந்த நூலைப் படிப்பது, எதைப் பற்றி எழுதுவது என்பதில் மாணாக்கனுக்குப் பங்கு உண்டா என்பதே பொருள்.

மட்டாஞ்சேரியின் குஜராத்தித் தெரு வழியே நடக்கும்போதெல்லாம் நமக்குக் கிஜுபாய் பதேகாவின் நினைவு வரும். அவர் கொச்சியைச் சார்ந்தவர் அல்லர். சௌராட்டிரத்தில் பவநகரத்தில் வாழ்ந்தவர். வழக்கறிஞராக இருந்தவர், அத்தொழிலை விடுத்து, 1920-இல் அங்கே சிறுவர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘திவாஸ்வப்னம்’, அதாவது ‘பகற்கனவு’ என்னும் நூல், ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டு தம் விருப்பப்படி நடத்திப் பார்ப்பதாக அமைந்த கற்பனைக் கதை. அவ்வாசிரியர் முதலில் செய்வது கதை சொல்வது. அடுத்துச் செய்வது, பாடநூல் வாங்கச் செலவாகும் பணத்தைக் கொண்டே வகுப்புக்கென ஒரு சிறு நூலகம் அமைப்பது. எல்லாரும் ஒரே நூலை வாங்கினால் வகுப்பில் ஒரே நூல்தான் நாற்பது படிகளாக இருக்கும். ஆளுக்கொன்றாக வாங்கினால் நாற்பது நூல்கள் இருக்கும். இக்கணக்கைப் புரிந்துகொள்ளப் பெரிய கல்வித் தத்துவம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு பலசரக்குக் கடைக்காரருக்குத் தோன்றும் கணக்கு அது. என்றாலும் நூல் வெளிவந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும் நம் பள்ளிகள் அக்கணக்கைப் போடத் தயங்குகின்றன.

அதே காலத்தில் பிரான்சு நாட்டின் தென்கோடியில், பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில், செலஸ்டின் பிரெனே என்ற ஆசிரியர் வேறொரு வழியைக் கண்டார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் உரத்துப் பேச இயலாதவர். எனவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். கண்டதைப் பற்றி, அவர்கள் விரும்பியபடி எழுதச் செய்தார். பின்னர்ச் சிறு அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறையில் நிறுவினார். எழுதியவற்றுள் எதை அச்சிடுவது என்பதையும் பிள்ளைகளே வாக்களித்து முடிவு செய்தனர். அச்சிட்ட தாள்கள் தொலைவில் உள்ள மற்றொரு பள்ளிக்கு அஞ்சலில் சென்றன, அங்கிருந்தும் வந்தன. இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. விரும்பியதை எழுதலாம் என்று விட்டால் பிள்ளைகள் பிழை மலிய எழுதுவார்கள் என்பது நம் அச்சம். அச்சேறப் போகிறது, முன்பின் அறியாத ஒருவன் படிக்கப் போகிறான் என்று தெரிந்த பிள்ளை, எழுத்துக்கூட்டைத் தானே வந்து கேட்கும்.

தமிழ்நாட்டின் அனுபவமும் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், திரு எம். பி. விஜயகுமார் அவர்கள் ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறை அதற்கு முன்மாதிரி. 2007-ஆம் ஆண்டளவில் அது தமிழ்நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று. பாடநூலுக்குப் பதிலாக அட்டைகள். சுவரில் ஏணிப்படி வரைபடம். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள். பிள்ளை தானே சென்று தன் அட்டையை எடுத்து வரும். தன் வேகத்தில் முன்னேறும். ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்தார். அந்த ஒரு காட்சிக்காகவே அத்திட்டத்தைப் போற்றலாம். ஆனால் ஏணியின் படிகள் முன்கூட்டியே அமைந்தவை. எப்பொழுது ஏறுவது என்பது பிள்ளையின் கையில் இருந்தது, எங்கே ஏறுவது என்பது இல்லை. பின்னர் முறைகள் மாறின; 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் நடைபெற்று வருகிறது. வேகத்தில் உரிமை தருவது எளிது, பொருளில் உரிமை தருவது அரிது என்பதே அங்கு நாம் காண்பது.

இனி மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். உரிமை கொடுத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஊக்கம் பெறுவர் என்பது உண்மையா? ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்னும் உளவியலார் இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குச் சொல் விளையாட்டுகள் கொடுத்தார்கள். ஒரு சாராரைத் தாமே தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஒரு சாராருக்கு ஆய்வாளர் தெரிந்தெடுத்தார். மற்றொரு சாராரிடம், ‘இது உன் அன்னை உனக்காகத் தெரிந்தெடுத்தது’ என்றார்கள். ஐரோப்பிய வழிவந்த பிள்ளைகள் தாமே தெரிந்தெடுத்தபோது மிகுந்த ஊக்கத்தோடு செய்தனர். ஆசிய வழிவந்த பிள்ளைகளோ அன்னை தெரிந்தெடுத்ததாகக் கேட்டபோதுதான் மிக நன்றாகச் செய்தனர்.

இதைச் சொன்னவுடன் நம் பெற்றோர் பலர், ‘அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்’ என்று முகம் மலரக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். அப்பிள்ளைகள் அன்னையின் தெரிவை மதித்தது, அன்னைக்குத் தம் மனம் தெரியும் என்ற நம்பிக்கையினால் என்றே நாம் கொள்கிறோம். முன்பின் தெரியாத ஆய்வாளர் தெரிந்தெடுத்துக் கொடுத்ததற்கு அப்பிள்ளைகள் அத்தகைய வரவேற்பு அளிக்கவில்லை. தலைநகரில் அமர்ந்து பாடத்திட்டம் வகுக்கும் குழு பிள்ளைக்கு ஆய்வாளரா, அன்னையா? வகுப்பாசிரியர் அன்னையின் இடத்துக்கு வரலாம். அதற்கு அவர் பிள்ளையை அறிந்திருக்க வேண்டும். பிள்ளையை அறிவதற்கு, அது விரும்பியதை எழுதவிட்டு ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டும். ஆகவே சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறோம்.

மட்டாஞ்சேரியைப் பற்றிச் சில சொற்கள். சில சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, மராத்தி, தக்கினி உருது, தெலுங்கு, தமிழ் என்று இத்தனை மொழிகள் வீட்டுக்குள் வழங்கும் ஊர் இந்தியாவில் மிகச் சிலவே இருக்கும். 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும், போர்த்துக்கீசியர் கட்டி அரசருக்கு அளித்து ஒல்லாந்தர் புதுப்பித்த அரண்மனையும் ஒரே சுற்றுப்புறத்தில் உள்ளன. மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒல்லாந்தத் தளபதி வான் ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த நூலை நேயர்கள் கேள்வியுற்றிருக்கலாம். அதற்கு உதவிய இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், கொங்கணி வைத்தியர் மூவரும், தாம் அளித்த செய்திகளுக்குத் தத்தம் எழுத்திலேயே சான்று எழுதிக் கொடுத்தனர். அவை முதல் தொகுதியில் அவ்வாறே அச்சாகியுள்ளன. அவரவர் அறிந்ததை அவரவர் எழுத்தில் எழுதுவது இவ்வூருக்குப் புதிதன்று.

ஆனால் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கட்டுரைத் தலைப்புகள் எவ்வூருக்கும் பொருந்துவன. எனவே எவ்வூருக்கும் பொருந்தாதன. நாம் குடியிருக்கும் தெருவுக்கு ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி அடிக்கடி வருவாள். அவள் குடும்பத்தார் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைத் துறையில் பரம்பரையாகத் தொழில் செய்பவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களின் உடை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. 1970-களில் அரசு கட்டிக்கொடுத்த அத்துறையில் கல்தொட்டிகளும், உலர்த்தும் வெளியும், தேய்ப்பதற்கு நீண்ட கூடமும் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். ‘மலைவாசத் தலத்துக்குச் சென்ற பயணம்’ என்று அவளுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள். அவள் மலை ஏறியவள் அல்லள். உரைநூலிலிருந்து பார்த்து எழுதினாள். பத்துக்கு ஏழு கிடைத்தது. குளிர்ந்த காற்று வீசிற்று என்று அவள் எழுதியதைப் படித்து நமக்கே வியர்த்தது.

மறுபருவத்தில் தற்காலிகமாக வந்த ஆசிரியை ஒருவர், ‘உங்களுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாதது, ஏதேனும் ஒன்றை எழுதி வாருங்கள்’ என்றாராம். அவள் கொடிக் கயிற்றைப் பற்றி எழுதினாள். அத்துறையில் துணி உலர்த்தக் கவ்விகள் இல்லை. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கின் இடையே துணியின் முனையைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது. முறுக்கு தளர்ந்தால் என்ன செய்வது, கஞ்சி போட்ட துணியை எப்படிச் செருகினால் மடிப்பு விழாது, மழைக்காலத்தில் யார் முதலில் ஓடிவந்து எடுப்பது என்று எழுதிக்கொண்டே போனாள். ‘வெள்ளாவி’ என்பதற்கு மலையாளத்தில் என்ன சொல் என்று கேட்பதற்காக நம்மிடம் வந்தாள். மொழிபெயர்ப்பாளர் என்றால் எல்லாச் சொல்லும் சட்டைப்பையில் இருக்கும் என்பது அக்கம்பக்கத்தாரின் எண்ணம். வெள்ளாவி என்றே எழுது, அடுத்த வரியில் அஃது இன்னதென்று விளக்கு என்றோம். நான்கு பக்கம் எழுதி, தானாகவே இரண்டாம் முறையும் படியெடுத்தாள். முதற் கட்டுரைக்கு அவள் ஒரு முறைக்கு மேல் பேனாவைத் தொடவில்லை என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும்.

வெளி மாநிலத் தமிழருக்கு இது வெறும் கல்விமுறைச் செய்தியன்று. 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கேரளப் பள்ளிகள் அனைத்திலும் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயம். வாழும் நாட்டின் மொழியைக் கற்பது நம் கடமை. நமக்கு நன்மையும் கூட. தமிழும் கன்னடமும் பயிற்றுமொழியாக உள்ள பள்ளிகளுக்குக் கேரள அரசு அம்மொழிகளிலேயே பாடநூல் அச்சிடுகிறது. அப்பள்ளிகள் பாலக்காடு, இடுக்கி, காசர்கோடு போன்ற எல்லைப் பகுதிகளில் மிகுதி. கொச்சி போன்ற நகரங்களில் சிதறி வாழும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்புக் கிடைப்பது அருமை. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு சொல்கிறது. அதை நிறைவேற்றப் போதிய எண்ணிக்கையில் பிள்ளைகள் வேண்டும், ஆசிரியர் வேண்டும், கட்டடம் வேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு நூலைத் தானே தெரிந்தெடுத்துப் படிக்கும் உரிமை ஒரு பிள்ளைக்கு இருந்தால், அந்நூல் தமிழ் நூலாகவும் இருக்கலாம். அதற்குக் கட்டடம் வேண்டா. நூலைத் தமிழில் படித்து, குறிப்பை மலையாளத்தில் எழுதிக் கொடுக்கட்டும். இரு மொழியும் வளரும். நம் பிழைப்பே அதுதான் என்பதால் சொல்கிறோம் என்று நேயர்கள் எண்ணினாலும் தவறில்லை.

ஆசிரியர்களின் இடர்ப்பாடு கற்பனையானதன்று. நாற்பது பிள்ளைகள் நாற்பது நூல்களைப் படித்தால் ஆசிரியர் நாற்பதையும் படித்திருக்க வேண்டுமே என்பர். படித்திருக்க வேண்டியதில்லை. தாம் படியாத நூலைப் பற்றிக் கேட்கும் ஆசிரியரின் வினா உண்மையான வினாவாக இருக்கும். விடை தெரிந்துகொண்டே கேட்கும் வினாவைப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுகொள்ளும். மதிப்பெண் இடுவது மட்டும் கடினமே. கொடிக் கயிற்றுக் கட்டுரையையும், மற்றொரு பிள்ளை பந்தாட்டத்தைப் பற்றி எழுதியதையும் ஒரே தராசில் நிறுப்பது எவ்வாறு? ஆண்டில் பாதிக் கட்டுரைகளைப் பொதுத் தலைப்பிலும் பாதியைச் சொந்தத் தலைப்பிலும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது என்று நமக்குத் தோன்றுகிறது. பொதுவாக எல்லாரும் படிக்க வேண்டிய சில நூல்களும் உண்டு. அவற்றை விட்டுவிடச் சொல்லும் கட்சியைச் சேர்ந்தவர் அல்லோம். தானே தெரிந்தெடுக்கும் பிள்ளை தொடர்ந்து பேய்க்கதைகளையே எடுத்தால் என்ன செய்வது என்று கேட்பவருக்கு, ஐந்தாவது பேய்க்கதையில் அலுப்புத் தட்டும், அப்பொழுது அருகில் வேறு நூல் இருக்க வேண்டும் என்பதே விடை.

அருகில் நூல் இருப்பது. அங்கேதான் உண்மையான இடர். மூன்று நூல்கள் உள்ள அலமாரியின் முன் நிறுத்தி, விரும்பியதை எடுத்துக்கொள் என்பது கேலி. இதில் கேரளம் பேறு பெற்ற நாடு. 1945-இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கமாக்கினார் பி. என். பணிக்கர். ‘படித்து வளர்க’ என்பது அவ்வியக்கத்தின் முழக்கம். அச்சங்கத்துக்கு 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசு கிடைத்தது. நம் ஊர்ப்பக்கத்தில் தேநீர்க் கடை இல்லாத தெருவைக் காண்பது அரிதாக இருப்பதுபோல, இந்நாட்டில் வாசகசாலை இல்லாத சிற்றூரைக் காண்பது அரிது. அவற்றில் தமிழ் நூல்கள் உள்ள அலமாரி மிகக் குறைவு. கேட்பார் இன்மையே பெருங்காரணம் என்பது நம் கருத்து. உறுப்பினராகச் சேர்ந்து, நூற்பெயர்களை எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை நூல் வாங்கும்போது நூலகக் குழு அதைக் கருத்தில் கொள்ளும்.

பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் நாள், 1996 முதல் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. பள்ளி திறந்து மூன்று வாரமாகியிருக்கும். ஆசிரியர்கள் அவ்வாண்டின் வேலைகளை இன்னும் முழுமையாக வகுத்திராத சமயம். பெற்றோர் சென்று பேசுவதற்கு அதைவிட நல்ல வேளை இல்லை. கேட்க வேண்டியவை இரண்டே. வகுப்பு மேசையில் வைக்கும் நூல்களுள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தமிழ் நூலுக்கும் இடம் உண்டா? மாதத்துக்கு ஒரு கட்டுரையேனும் பிள்ளை தன் தலைப்பில் எழுதலாமா? முதற் கேள்விக்கு உண்டு என்று விடை வந்தால், எந்த நூல் என்பதை அன்று மாலை வீட்டு அலமாரியின் முன் நின்று பிள்ளையே முடிவு செய்யட்டும். நாம் சற்றுத் தள்ளி நிற்போம்.